1:35 கன்டெய்னர்: துரு துருவா தெரியல, ஆரஞ்சு பெயின்ட் பூசின மாதிரி இருக்கு

திருவொற்றியூர்_35 கேட்டது:

எண்ணூர் விரைவுச் சாலை ஓரமா வருஷக்கணக்கா கிடக்கிற மாதிரி ஒரு 20 அடி கன்டெய்னர், சுத்தி மண்ணு, ரெண்டு வேலிக்காத்தான் செடி. டயோரமா (சின்னதா செஞ்ச காட்சி மாடல்) அவ்வளவுதான். 1:35 ஸ்கேல், பிளாஸ்டிக் ஷீட்டுல கட்டினது. நீளம் 173 மி.மீ., அகலம் 70, உயரம் 74. சுவர் நெளிவு, கதவு, லாக் ராடு (கதவைப் பூட்டுற கம்பி) எல்லாம் சரியா வந்திருக்கு. பெயின்ட்லதான் மாட்டிக்கிட்டேன்.

இதுவரை செஞ்சது: கிரே பிரைமர், அதுமேல நீல அக்ரிலிக் (டிராப்பர் பாட்டில்ல வர்ற வாட்டர் பேஸ் வகை), ஸ்பாஞ்சால ஆரஞ்சு-பழுப்பு ஒத்தினேன், விளிம்பெல்லாம் சில்வர் டிரை பிரஷ் (கிட்டத்தட்ட காய்ஞ்ச பிரஷ்ஷால உரசுறது), கடைசியா செங்காவிப் பொடி, மேட் ஸ்ப்ரே (பளபளப்பில்லாத வார்னிஷ்).

இப்ப நிலைமை: (1) துரு, அம்மை போட்ட உடம்பு மாதிரி புள்ளி புள்ளியா ஆரஞ்சா நிக்குது. (2) சில்வர் விளிம்பைப் பார்த்தா பொம்மைக் கடை ஞாபகம் வருது. (3) ஒரு பக்கச் சுவர்ல மட்டும் ஹேர் ஸ்ப்ரே முறையை (துரு நிறத்து மேல ஹேர் ஸ்ப்ரே, அதுமேல நீலம், அப்புறம் தண்ணி வெச்சு நீலத்தை அங்கங்க பெயர்க்கிறது) முயற்சி பண்ணேன், நீலம் தோல் உரிஞ்ச மாதிரி ஷீட்டாவே வந்துடுச்சு. (4) மேட் ஸ்ப்ரே அடிச்சதும் கூரை வெள்ளையா பூத்துப்போச்சு, பொடியும் பாதி காணாமப் போச்சு.

0.3 ஏர்பிரஷ், சின்ன கம்ப்ரசர் இருக்கு. முதல்ல இருந்து செய்யவும் தயார். எங்க தப்பு?

காசிமேடு_நங்கூரம்:

டெக்னிக்கை அப்புறம் பேசலாம். முதல்ல அந்தப் பெட்டி எதுல செஞ்சது, மேல என்னென்ன பூச்சு இருக்குன்னு தெரிஞ்சா பாதிப் பிரச்சினை தீரும்.

கன்டெய்னர் சுவர் கோர்ட்டென் வகை இரும்பு. செம்பு, குரோமியம் கொஞ்சம் கலந்தது. நனைஞ்சு காய்ஞ்சு நனைஞ்சு காய்ஞ்சு மேல இறுகலா ஒரு துருத்தோல் கட்டும், அது உள்ள இருக்கிற இரும்பைக் காப்பாத்தும். ஆனா கடலோர உப்புக் காத்துல அந்தத் தோல் ஒழுங்கா இறுகாது. பொருக்கு பொருக்கா கிளம்பும், உதிரும், அடியில புதுசா துரு பிடிக்கும். அதனால எண்ணூர் பெட்டிக்கும் ஊருக்குள்ள தள்ளி இருக்கிற பெட்டிக்கும் துருவே வேற.

இரும்புக்கு மேல துத்தநாகம் கலந்த பிரைமர், சாம்பல் நிறம். அதுக்கு மேலதான் நீலம். அப்ப லேசா உரசினா என்ன தெரியணும்? சாம்பல். ஆழமா கீறினாதான் துரு. உங்க மாடல்ல நீலத்துல இருந்து நேரா ஆரஞ்சுக்குத் தாவியிருக்கீங்க. கண்ணு அதைத்தான் பொய்னு பிடிக்குது.

நிறம்: ஆரஞ்சு புதுத் துரு. போன வாரம் கீறின இடத்துல இருக்கும். வருஷக்கணக்கா கிடக்கிற துரு கரும்பழுப்பு, சில இடத்துல கிட்டத்தட்ட கறுப்பு. மொத்தத் துருவையும் பத்து பங்கா வெச்சுக்கிட்டா ஏழு கரும்பழுப்பு, ரெண்டு செம்பழுப்பு, ஒண்ணுதான் ஆரஞ்சு. அந்த ஒரு பங்கும் கரும்பழுப்போட ஓரத்துலயும், தண்ணி வழியற தடத்துலயும்தான் வரணும். இந்தக் கணக்கு கண் அளவுதான், ஆனா அதை மீறினா அம்மைதான்.

இடம்: தண்ணி எங்க தேங்குதோ அங்க. கூரையில ஸ்ப்ரெட்டர் (பெட்டியைத் தூக்குற கிரேன் சட்டம்) இடிச்ச பள்ளங்கள்ல குட்டை வடிவத்துல துரு இருக்கும், வட்ட வட்டமா, ஓரம் கருத்து. பக்கச் சுவர்ல நெளிவு அடி ரெயிலோட சேர்ற வெல்டு கோடு முழுக்க துரு. கதவுக் கீல், ரப்பர் கேஸ்கெட்டுக்கு அடியில, ஃபோர்க் பாக்கெட் (ஃபோர்க்லிஃப்ட் முள் நுழையற ஓட்டை) வாய், நாலு கீழ் மூலை வார்ப்பு (மூலையில இருக்கிற ஓட்டை போட்ட இரும்புக் கட்டி). சுவரோட நடுப்பகுதி பெரும்பாலும் நல்லாவே இருக்கும், வெயில்ல வெளுத்திருக்கும் அவ்வளவுதான். நெளிவோட மேடு மட்டும் பக்கத்துப் பெட்டி உரசின படுக்கைக் கீறலோட இருக்கும்.

இதுக்கு ரெஃபரென்ஸ் தேடி இணையத்துல அலைய வேணாம். அந்தச் சாலையில டிரெய்லருங்க வரிசையா நிக்கிறப்ப நடைபாதையில இருந்து பார்த்தாலே போதும். துறைமுகத்துக்குள்ள படம் எடுக்கக் கூடாது, அதை மட்டும் நினைவுல வெச்சுக்குங்க.

வண்ணாரப்பேட்டை_ஏர்பிரஷ்:

ஹேர் ஸ்ப்ரே ஷீட்டா உரிஞ்சதுக்குக் காரணம் ஹேர் ஸ்ப்ரே இல்ல, மேல அடிச்ச நீலம். டிராப்பர் பாட்டில் வகையில நிறைய காய்ஞ்சதும் ரப்பர் மாதிரி படலமா மாறும். தண்ணி அடியில போனா படலம் மொத்தமா தூக்கிக்கும். துணிக்குப் போடுற ஃபேப்ரிக் கலரும் அதே ஜாதி. ஆல்கஹால் பேஸ் அக்ரிலிக் (தமியா பாட்டில்) காய்ஞ்சா நொறுங்கும். நமக்கு வேண்டியது அந்த நொறுங்கல்தான்.

வரிசை இப்படி. பழைய பெயின்டை எடுத்துட்டு பிரைமர் அடிங்க, 24 மணி நேரம் விடுங்க. கார் கடையில விக்கிற பிரைமர் கேன்னா 25-30 செ.மீ. தூரத்துல இருந்து மெல்லிசா மூணு தடவை. கிட்ட வெச்சு நனைச்சா பிளாஸ்டிக் ஷீட் முகம் கரையும், நெளிவு மழுங்கும்.

துரு அடுக்கு (நம்பரெல்லாம் தமியா நிற எண்): எக்ஸ்எஃப்-64 ரெட் பிரவுன் முழுசா. துரு வரப்போற இடத்துல மட்டும் எக்ஸ்எஃப்-64 மூணு பங்கு, எக்ஸ்எஃப்-69 நேட்டோ பிளாக் ஒரு பங்கு, ஒழுங்கில்லாத திட்டா. அதுக்குள்ள எக்ஸ்எஃப்-52 ஃபிளாட் எர்த்தோட ஒரு சொட்டு எக்ஸ்-6 ஆரஞ்சு கலந்து அங்கங்க தெளிங்க. பழைய டூத் பிரஷ்ஷை விரலால தட்டினா நல்ல தெளிப்பு வரும்.

இதை லாக்கர் கிளியரால (நிறமில்லாத பூச்சு) மூடியே ஆகணும். மூடலேன்னா பின்னாடி தேய்க்கிறப்ப துருவும் சேர்ந்து வந்து பிளாஸ்டிக் வெள்ளை தெரியும். ஒரு ராத்திரி விடுங்க.

அடுத்து ஹேர் ஸ்ப்ரே. கேன்ல இருந்து நேரா அடிச்சாலும் சரி, கப்புல பிடிச்சு வாயு போகவிட்டு ஏர்பிரஷ்ல அடிச்சாலும் சரி. 20-25 செ.மீ. தூரம், ரெண்டு மெல்லிய பூச்சு. சொட்டு நிக்கக் கூடாது. ஒரு பூச்சு போட்டா சின்னச் சின்னக் கீறல், மூணு போட்டா பெரிய திட்டு. 15-20 நிமிஷம் காயட்டும். அடுப்பு, ஊதுவத்தி எதுவும் பக்கத்துல வேணாம்.

மேல் நிறம்: தமியா பெயின்டுக்கு எக்ஸ்-20ஏ தின்னர் சம பங்கு, காத்தழுத்தம் 15-18 பிஎஸ்ஐ, மெல்லிசா மூணு நாலு சுத்து. ஈரமா அடிச்சா தின்னரே ஹேர் ஸ்ப்ரேயைக் கரைச்சு கலந்துடும், அப்புறம் சிப்பிங்கே (பெயின்ட் பெயர்றது) வராது. லாக்கர் தின்னர் கலக்கவே கலக்காதீங்க, அது கல்லு மாதிரி பிடிச்சுக்கும். நீலத்தோட கொஞ்சம் வெள்ளையும் ஒரு சொட்டு பழுப்பும் சேர்த்து வெளுத்த நீலமா அடிங்க.

அரை மணி நேரம் போதும். வெதுவெதுப்பான தண்ணியைப் பிரஷ்ஷால வெச்சு ஒரு நிமிஷம் விட்டு, மயிரைக் குட்டையா வெட்டின பழைய பிரஷ்ஷால குத்துங்க, தேய்க்காதீங்க. நுணுக்கக் கீறலுக்கு பல்குச்சி. ஒரு சுவர் முடிச்சுட்டு அடுத்த சுவர். எல்லாச் சுவருக்கும் நீலம் அடிச்சுட்டு மறுநாள் தேய்க்க உட்கார்ந்தா இறுகியிருக்கும், பிடிவாதமா தேய்ச்சா அடி அடுக்கு போகும்.

அளவுதான் முக்கியம்: 1:35ல 1 மி.மீ. கீறல்னா நிஜத்துல மூணரை செ.மீ. 4 மி.மீ. திட்டு போட்டா உள்ளங்கையை விடப் பெரிய ஓட்டை மாதிரி. அரை மி.மீ.க்கு அதிகமா எடுக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருக்கணும்.

பெரம்பூர்_ஐசிஎஃப்:

மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா ஹேர் ஸ்ப்ரேயை மட்டும் நம்பினா மேல நங்கூரம் சொன்ன சாம்பல் பிரைமர் வளையம் வராது. ஹேர் ஸ்ப்ரேயில ரெண்டே அடுக்குதான்: நீலம், துரு. பெரிய திட்டுக்கு அது, சின்னக் கீறலுக்கு ஸ்பாஞ்சும் பிரஷ்ஷும்னு பிரிச்சு வெச்சுக்குங்க. முழுப் பெட்டியையும் ஹேர் ஸ்ப்ரேயாலயே முடிக்கிறவங்க வேலை எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், பார்த்ததும் தெரிஞ்சுடும்.

ஸ்பாஞ்ச்னா பாத்திரம் தேய்க்கிறது இல்ல, அதோட ஓட்டை பெருசு. எலக்ட்ரானிக் சாமான் பெட்டியில வர்ற சாம்பல் ஃபோம் நல்லது. கத்தியால வெட்டாதீங்க, கிள்ளி எடுங்க. வெட்டின முகம் சதுர முத்திரையா விழும், கிள்ளினது ஒழுங்கில்லாம விழும். நனைச்சு, காகிதத்துல ஒத்தி, கிட்டத்தட்ட ஒண்ணுமே விழாத நிலைக்கு வந்தப்புறம்தான் மாடல். முதல்ல வெளிர் சாம்பல், விளிம்புலயும் நெளிவு மேட்டுலயும். காய்ஞ்சதும் 000 பிரஷ்ஷால ஒவ்வொரு சாம்பல் திட்டுக்கும் நடுவுல, அதைவிடச் சின்னதா கரும்பழுப்பு. வலெஹோ 70.822 ஜெர்மன் பிளாக் பிரவுன் இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். எல்லாத் திட்டுலயும் துரு வேணாம், பாதியைச் சாம்பலாவே விடுங்க.

சில்வர் விஷயம். பளபளக்கிற வெறும் இரும்பு கடலோரத்துல ஒரு மழையைத் தாண்டாது, பழுப்பாயிடும். தினமும் உரசிக்கிட்டே இருக்கிற இடத்துலதான் பளபளப்பு மிஞ்சும். வேலையில இருக்கிற பெட்டின்னா ஃபோர்க் பாக்கெட்டோட கீழ் உதடு, மூலை வார்ப்போட ஓட்டை ஓரம். உங்களுது கைவிட்ட பெட்டி. அதனால சில்வர் பெயின்டே தேவையில்லை. கீல் ஊசியில மட்டும் 6பி பென்சிலை லேசா உரசி விரலால தேய்ச்சா இரும்பு மின்னும், பெயின்ட் மாதிரி கத்தாது. கிராஃபைட் மேல வார்னிஷ் பட்டா மின்னல் போயிடும், அதனால அது கடைசி வேலை.

இன்னொண்ணு, எல்லாரும் விடறது: லாக் ராடு பொதுவா துத்தநாகம் பூசினது. அது சுவர் மாதிரி துருப்பிடிக்காது. முதல்ல மங்கின சாம்பல், அதுமேல வெள்ளைப் பூச்சு மாதிரி படியும், பூச்சு தேஞ்ச இடத்துல மட்டும் பழுப்பு. நாலு ராடையும் சுவர் நிறத்துலயே விட்டுட்டு அதே துருவைப் போட்டா மொத்தக் கதவும் ஒரே உலோகமா தெரியும். கதவு ரப்பர் கறுப்பு இல்ல, வெயில்ல சாம்பலாப் போயிருக்கும்.

பெரிய கூரைத் திட்டுக்கு ஹேர் ஸ்ப்ரேயை விட உப்பு முறை நல்லா வரும். துரு அடுக்கு மேல தண்ணியால நனைச்சு, கல்லுப்பு நொறுக்கினதும் பொடி உப்பும் கலந்து தூவி, காய்ஞ்சதும் நீலம் அடிச்சு, உப்பைத் தேய்ச்சு எடுக்கணும். திட்டு ஓரம் இயற்கையா இருக்கும்.

வண்ணாரப்பேட்டை_ஏர்பிரஷ்:

உப்பு முறை புத்தகத்துல நல்லா இருக்கும், நம்ம ஏரியாவுல ஐப்பசி கார்த்திகையில செஞ்சா உப்பே காயாது. காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கிட்டு அப்படியே கசிஞ்சு நிக்கும். காய்ஞ்சதுன்னு நினைச்சு அடிச்சா பெயின்ட் உப்புத் தண்ணியில மிதக்கும். அதுவும் இல்லாம நெளிவு மூலையில நாலு உப்புக் கல்லு தங்கிட்டா, வார்னிஷுக்கு அடியில மாசக்கணக்கா ஈரம் இழுத்து வெள்ளைக் கொப்புளம் கிளம்பும்.

பெரம்பூர்_ஐசிஎஃப்:

ஹேர் டிரையர்னு ஒண்ணு இருக்கு தலைவா. 🙂 உப்பு தூவினதும் ஒரு அடி தள்ளி வெச்சு பத்து நிமிஷம், ரொம்ப சூடில்லாம (பிளாஸ்டிக் வளைஞ்சுடும்). எடுத்தப்புறம் ரெண்டு தடவை நல்ல தண்ணியில கழுவணும், உப்புத்தண்ணி வர்ற போர் குழாய்ல இல்ல, கேன் தண்ணியில. ஆனா மழைக்காலத்துல வேணாம்னு நீங்க சொல்றதை ஒத்துக்கறேன். சித்திரை வைகாசி வேலை அது.

தங்கசாலை_பொடி:

நாலாவது கேள்வி விட்டுப்போச்சே. கூரை வெள்ளையா பூத்தது ஈரத்தால. லாக்கர் ஸ்ப்ரே ஆவியாகறப்ப பரப்பு குளிரும், காத்துல இருக்கிற தண்ணி அதுல படியும், படலத்துக்குள்ள மாட்டிக்கும். மழை நாள்ல, சாயங்காலக் கடல் காத்துல மேட் அடிச்சா இதுதான். காலையில பத்து மணிக்கு மேல, வெயில் இருக்கிறப்ப அடிங்க, இல்லேன்னா ஏசி ஓடின ரூம்ல அரை மணி நேரம் மாடலை வெச்சுட்டு உடனே. கேனை வெதுவெதுப்பான தண்ணியில அஞ்சு நிமிஷம் நிக்க வெச்சா துளி சின்னதா வரும். கொதிக்கிற தண்ணி கூடவே கூடாது. கம்ப்ரசர்ல ஈர வடிகட்டி இல்லேன்னா முதல்ல அதை மாட்டுங்க, டேங்க் இருந்தா ஒவ்வொரு தடவையும் அடித் திருகைத் திறந்து தண்ணியை வடிச்சுடுங்க.

பூத்ததைச் சரிபண்ண: அதே பிராண்ட் கிளாஸ் (பளபளப்பு) கிளியரை மெல்லிசா ஒரு பூச்சு, காய்ஞ்ச நாள்ல. பெரும்பாலும் வெள்ளை மறைஞ்சுடும். ஆனா நீங்க எப்படியும் முழுசா எடுக்கப் போறீங்க, அதனால கவலை இல்ல.

இனி எண்ணெய் வண்ணம். சிப்பிங் முடிஞ்சு கிளாஸ் அல்லது சாட்டின் (அரைப் பளபளப்பு) கிளியர் போட்டு ஒரு நாள் விட்டப்புறம். சாதாரண ஆர்ட்டிஸ்ட் ஆயில் டியூப் போதும்: பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா, ரா சியன்னா, கறுப்பு. அட்டைத் துண்டு மேல பிதுக்கி அரை மணி விடுங்க, ஆளி எண்ணெயை அட்டை உறிஞ்சிடும். அப்படிச் செய்யாட்டி காய மூணு நாலு நாள் ஆகும், பளபளன்னு நிக்கும்.

தின்னர் விஷயத்துல உஷார். ஹார்டுவேர் கடையில "தின்னர்"னு மொட்டையா கேட்டா என்சி (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்) தின்னரைக் கொடுத்துடுவாங்க. அது பட்டா மொத்த அடுக்கும் கரைஞ்சு பிளாஸ்டிக் வரை போகும். மினரல் டர்பன்டைன்னு பேர் சொல்லிக் கேளுங்க. மண்ணெண்ணெயும் வேணாம், பிசுக்கு விடும். டர்பன்டைனும் பெயின்ட் படாத பிளாஸ்டிக் ஒட்டு இடுக்குல தேங்கினா ஷீட் முறிஞ்சு விரிசல் விடும், அதனால பெட்டியோட உள்பக்கமும் பிரைமர் இருக்கணும்.

வாஷ் (இடுக்குல ஓடவிடுற தண்ணியான பெயின்ட்): பர்ன்ட் அம்பரோட துளி கறுப்பு, பெயின்ட் ஒரு பங்கு, டர்பன்டைன் எட்டுல இருந்து பத்து. இடுக்குல மட்டும் பிரஷ் முனையால தொடுங்க, தானா ஓடும். மொத்தமா பூசினா நீலமே அழுக்காயிடும். கால் மணி கழிச்சு மிச்சத்தைக் காட்டன் பட்ஸ்ல துடைங்க, எப்பவும் மேல இருந்து கீழ.

துரு வழிசல்தான் மொத்த மாடலையும் நம்ப வைக்கிற இடம், அதனால இங்க நேரம் எடுங்க. துருத் திட்டோட அடி ஓரத்துல ஊசி முனை அளவு பர்ன்ட் சியன்னா புள்ளி. தட்டைப் பிரஷ்ஷை டர்பன்டைன்ல தொட்டு, துணியில துடைச்சு, ஈரம் இருக்கா இல்லையான்னு சந்தேகம் வர்ற நிலையில கீழ் நோக்கி ஒரே இழுப்பு. 15-20 மி.மீ. போனா நிஜத்துல 50-70 செ.மீ. மேல அடர்த்தி, கீழ போகப் போக ஒண்ணுமில்லாம மறையணும். தடம் அகலமாயிடுச்சுன்னா ரெண்டு பக்கமும் சுத்தமான பிரஷ்ஷால நறுக்கி ஒல்லியாக்கலாம், எண்ணெய் வண்ணத்துல அந்த வசதி இருக்கு. நெளிவுப் பள்ளத்துக்குள்ளயே வழியவிடுங்க, மேட்டைக் குறுக்கே தாண்டக் கூடாது. ஒரு நாள் காயவிட்டு, முதல் தடத்து மேல பாதி நீளத்துக்கு கருத்த ஒண்ணு. ஒரே நீளத்துல வரிசையா ஆறு வழிசல் போட்டா சீப்பு மாதிரி இருக்கும்.

பொடிக்கு பிராண்ட் பாட்டில் வாங்க வேண்டியதே இல்ல. சிவப்பு ஆக்சைடு தரை போடறதுக்கு விக்கிற பொடி இரும்பு ஆக்சைடுதான், துருவும் அதுதான். சிவப்பு, மஞ்சள், கறுப்பு மூணையும் நைனியப்ப நாயக்கன் தெரு கெமிக்கல், சாயக் கடைகள்ல கேட்டுப் பாருங்க. மலிவு சரக்குல சுண்ணாம்பு கலந்திருக்கும், தண்ணி பட்டா வெளுக்கும். விரலுக்கு நடுவுல நரநரன்னா வேணாம். பழைய வேட்டித் துணி ரெண்டு மடிப்புல சலிச்சுக்குங்க, முகமூடி போட்டு. சிவப்பு ரெண்டு பங்கு, கறுப்பு ஒரு பங்கு, மஞ்சள் ஒரு சிட்டிகை. நீங்க செங்காவியைத் தனியா போட்டதால செங்கல் தூள் கொட்டின மாதிரி வந்திருக்கும்.

பொடி காணாமப் போனது மேட் ஸ்ப்ரேயால. வார்னிஷ் பட்டா பொடியோட தூசித் தன்மை போய் நிறம் கருத்துடும். அதனால எல்லா வார்னிஷும் பொடிக்கு முன்னாடி முடிஞ்சுடணும். பொடியை உலர்வா வெச்சுட்டு, பிரஷ் நுனியில டர்பன்டைன் தொட்டு ஓரத்துல வெச்சா தானா உறிஞ்சு பிடிச்சுக்கும். ஈரத்துல கறுப்பாத் தெரியும், பயப்படாதீங்க, காய்ஞ்சா திரும்பி வரும். ஐபிஏவும் (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) நடக்கும், ஆனா பிடிப்பு கம்மி, அடியில இருக்கிற அக்ரிலிக்கையும் லேசா கிளறும். பொருக்கு வேணும்னா மேட் மீடியம் ஒரு பங்கு, தண்ணி மூணு, பொடி கொழகொழன்னு ஆகுற வரை. மூலை வார்ப்பு, அடி ரெயில்ல குத்திக் குத்தி வெச்சா தடிமனா நிக்கும். இப்படிச் செஞ்ச மாடலைக் கையால தொடக் கூடாது, அடித்தளத்துல ஒட்டினப்புறம்தான் பொடி.

திருவொற்றியூர்_35:

எல்லாருக்கும் நன்றி, பழைய பெயின்டை எடுக்க பெட்டி நாளைக்கே தொட்டிக்குப் போகுது. ரெண்டு சந்தேகம். நம்பர், கம்பெனி எழுத்து டீக்கல் (தண்ணியில நனைச்சு ஒட்டுற ஸ்டிக்கர்) எந்தக் கட்டத்துல? அடி ரெயிலுக்கு மேல துரு தின்னு ஓட்டை விழுந்த மாதிரி ஒரு இடம் வேணும், ஷீட்டை வெட்டினா விளிம்பு பிஸ்கட் மாதிரி தடிமனா தெரியுது.

பெரம்பூர்_ஐசிஎஃப்:

டீக்கல்: ஹேர் ஸ்ப்ரே சிப்பிங் முடிச்சு, கழுவி, கிளாஸ் அடிச்சப்புறம் ஒட்டுங்க. முன்னாடி ஒட்டினா தண்ணியில அதுவும் வரும். துருத் திட்டு மேல எழுத்து முழுசா நிக்கக் கூடாது, ஒட்டி நல்லா காய்ஞ்சதும் புது பிளேடு முனையால அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துட்டு, மீதி ஓரத்துல ஸ்பாஞ்சால அதே துரு நிறம். அப்புறம் சாட்டின் கிளியர், அதுக்கு மேல ஆயில். பெட்டி நம்பர் நாலு எழுத்து, ஆறு இலக்கம், கட்டத்துக்குள்ள ஒரு சரிபார்ப்பு இலக்கம். கற்பனையா எழுதினாலும் அந்த அமைப்பை மாத்தாதீங்க.

காசிமேடு_நங்கூரம்:

ஓட்டைக்கு: நிஜத் தகடு ரெண்டு மி.மீ.க்குள்ளதான், 1:35ல 0.05 மி.மீ. பிளாஸ்டிக்ல அது நடக்காது. அந்த இடத்துல ஷீட்டைப் பெருசா வெட்டி எடுத்துட்டு, கெட்டியான அலுமினியத் தாள் (ஆர்டர் சாப்பாட்டு டப்பாவோட அடி போதும், நல்லா கழுவி) நெளிவு மேல வெச்சு பல்குச்சியால அழுத்தி அதே நெளிவை எடுங்க. உள்பக்கமா சூப்பர் க்ளூ. அப்புறம் ஊசியால குத்தி, கிழிச்சு, ஓரத்தை லேசா உள்பக்கம் மடக்குங்க. துரு தின்ன ஓட்டை வட்டமா இருக்காது, அடி வெல்டை ஒட்டி படுக்கைவாட்டுல நீளமா, ஓரம் அரிச்ச சரிகை மாதிரி இருக்கும். அலுமினியத்துல பிரைமர் நேரா பிடிக்காது, 600 நம்பர் எமரியால ஒரு தேய், அல்லது மெட்டல் பிரைமர். ஓட்டைக்குப் பின்னாடி உள்ள தரையில கொஞ்சம் கறுப்பு அடிச்சுடுங்க, இல்லேன்னா அந்தப் பக்கத்துச் சுவரோட வெள்ளை பிளாஸ்டிக் எட்டிப் பார்க்கும்.